புத்தகம் போட்டாயிற்று, பட்டறைக்குப் பணம் கேட்கலாமா?

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். தமிழ்ப்பள்ளி ஆசிரியர். ஒரு சிறுகதைத் தொகுப்பும் ஒரு சிறுவர் கதை நூலும் போட்டிருக்கிறார், இரண்டும் சொந்தச் செலவில். அமெரிக்காவிலும் ஸ்காட்லாந்திலும் எழுத்தாளர்கள் வாசிப்பு நிகழ்ச்சி, பட்டறை நடத்தினால் கட்டணம் கொடுக்கத் திட்டங்கள் இருப்பதைப் படித்துவிட்டு, "இங்கே அதற்கு என்ன தகுதி? எத்தனை புத்தகம் வேண்டும்? சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டுமா? தமிழ்நாட்டுத் தோழி ஒருவரையும் சேர்த்துக்கொண்டு நடத்தலாமா?" என்று எழுதியிருக்கிறார். கேள்வி தகுதியைப் பற்றியதுபோல இருந்தாலும், "நான் காசு கேட்டால், நீ யார் கேட்பதற்கு என்று யாராவது சொல்லிவிடுவார்களோ" என்ற தயக்கம்தான் அதற்குள் இருப்பதாக எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

கோலாலம்பூரில் பல வருடங்களாக இலக்கிய நிகழ்ச்சிகளுக்குப் பேச்சாளர் தேடுகிற பக்கத்திலும், பட்டறை நடத்துகிற பக்கத்திலும் மாறி மாறி இருந்து வருகிறேன். ரசீது எழுதியிருக்கிறேன், ரசீதுக்காகக் காத்தும் இருந்திருக்கிறேன். வழக்கறிஞரோ வரி ஆலோசகரோ இல்லை. அதனால் சட்டத்தில் எழுதியிருப்பது எது, நம் ஊர் வழக்கம் எது என்பதைப் பிரித்தே சொல்லிக்கொண்டு போகிறேன். வழக்கம் இடத்துக்கு இடம் மாறும். சட்டத்தையும் சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

முதலில் நீங்கள் படித்த வெளிநாட்டுத் திட்டங்கள். நியூயார்க்கில் 1970இல் தொடங்கப்பட்ட 'போயட்ஸ் அண்ட் ரைட்டர்ஸ்' அமைப்பும், எடின்பரோவிலுள்ள 'ஸ்காட்டிஷ் புக் டிரஸ்ட்'டும் இந்த வகையில் பேர்போனவை. இரண்டிலும் நாம் கவனிக்காமல் விடுகிற ஒரு விஷயம் உண்டு. பணத்துக்கு விண்ணப்பிப்பது எழுத்தாளர் அல்ல, நிகழ்ச்சியை நடத்துகிற நூலகம், பள்ளி, சமூக மன்றம் போன்ற அமைப்புதான். எழுத்தாளரிடம் பார்ப்பது, அவர் ஏற்கெனவே ஏதாவது பிரசுரித்திருக்கிறாரா, திட்டம் செல்லுபடியாகிற பகுதியோடு அவருக்குத் தொடர்பு இருக்கிறதா என்பவற்றைத்தான். ஸ்காட்லாந்துத் திட்டம் அங்கே வசிக்கும் எழுத்தாளர்களுக்கானது. கனடாவில் கலை மன்றத்தின் நிதியில் நடக்கும் பொது வாசிப்புத் திட்டம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. ஆக, செந்தூலில் உட்கார்ந்துகொண்டு அவற்றுக்கு விண்ணப்பிக்க வழியில்லை. ஆனால் அவர்கள் முறையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: அழைக்கிறவரைத் தயார்ப்படுத்தினால்தான் எழுத்தாளருக்குப் பணம் வரும்.

மலேசியாவில் தமிழ் எழுத்தாளருக்கு அப்படி ஒரு பட்டியல், இத்தனை புத்தகம் போட்டால் இத்தனை ரிங்கிட் என்ற விதி, கிடையாது. 1956இல் தோன்றிய அரசாங்க மொழி, இலக்கிய நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாக்காவின் பணி தேசிய மொழியைச் சார்ந்தது. நாட்டின் பெரிய அரசாங்க இலக்கியப் பரிசுகளும் பெரும்பாலும் மலாய் எழுத்துக்கானவை. இதில் வருத்தப்பட நிறைய இருக்கிறது, அதை இன்னொரு நாள் பேசுவோம். இன்றைக்கு உங்களுக்கு வேண்டியது இதுதான்: நம் ஊரில் தகுதியை நிர்ணயிப்பது பணம் கொடுக்கிறவர். பள்ளி ஒன்று கேட்கும், நூலகம் வேறு கேட்கும், சங்கம் எதுவுமே கேட்காமல் பொன்னாடை போர்த்திவிடும்.

பள்ளியிலிருந்து ஆரம்பிக்கிறேன், உங்களுக்கு அதுதான் பெரிய வாசல். கோலாலம்பூரில் மட்டும் 15 தமிழ்ப்பள்ளிகள், பினாங்கில் 28. முன்பெல்லாம் எழுத்தாளரைப் பள்ளிக்கு அழைப்பதென்றால் பெரும்பாலும் ஆறாம் ஆண்டு முடிவில் நடந்த யுபிஎஸ்ஆர் தேர்வின் கட்டுரைக்குத்தான். 2021இல் அந்தத் தேர்வை நீக்கிய பிறகு அந்தச் சந்தை சுருங்கிவிட்டது. ஆனால் அதற்கு முன் நேரமே கிடைக்காத கதை சொல்லல், படம் பார்த்துக் கதை எழுதுதல், நாடகம் எழுதுதல் மாதிரியானவற்றுக்கு இப்போது இடம் கிடைத்திருக்கிறது. பள்ளி உங்களிடம் விருது கேட்காது. தலைமையாசிரியர் கேட்பது ஒரு பக்கத் தாள்: தலைப்பு, எந்த ஆண்டு மாணவர்கள், எத்தனை பேர், எவ்வளவு நேரம், முடிவில் பிள்ளைகள் கையில் என்ன இருக்கும். கூடவே உங்களைப் பற்றி நாலு வரி, அடையாள அட்டை நகல், வங்கிக் கணக்கு எண். 'நான்காம் ஆண்டு, முப்பது பேர், இரண்டு மணி நேரம், ஆளுக்கொரு பக்கத்தில் கதை' என்று எழுதியிருக்கிற தாள் அன்றைக்கே மேசையைவிட்டு நகரும். 'படைப்பாற்றலை வளர்த்தல்' என்று மட்டும் எழுதியிருந்தால் கோப்பில் தூங்கும். நான் பார்த்தவரை, பெரியவர்களுக்கான சிறுகதைத் தொகுப்பைவிட அந்தச் சிறுவர் நூல்தான் உங்களுக்குப் பள்ளிக் கதவைத் திறக்கும். தொகுப்புக்கு எவ்வளவு நல்ல விமர்சனம் வந்திருந்தாலும் சரி.

பணம் அங்கே பெரும்பாலும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலிருந்து வரும். சங்கத்தின் செயலவை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதால், அடுத்த வாரம் பட்டறை என்று போனால் நடக்காது. வெளியாட்கள் பள்ளிக்குள் நிகழ்ச்சி நடத்துவதற்கு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கோ மாநிலக் கல்வி இலாகாவுக்கோ கடிதம் போக வேண்டியிருக்கும், அதைப் பள்ளி பார்த்துக்கொள்ளும். மாணவரிடம் தலைக்கு இவ்வளவு என்று நீங்களே வசூலிக்கிற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். அனுமதி இல்லாமல் பள்ளியில் பணம் வசூலித்தால் தலைமையாசிரியருக்குத்தான் வம்பு. சில பள்ளிகள் இன்னொன்றும் கேட்கலாம்: பிள்ளைகளுக்கு எதிரான குற்றங்களில் தண்டனை பெற்றவர்களின் பதிவேடு சமூகநல இலாகாவில் 2019இலிருந்து இருக்கிறது, அதில் உங்கள் பெயரைச் சரிபார்ப்பார்கள். முகம் சுளிக்காமல் ஒத்துக்கொள்ளுங்கள், நல்ல வழக்கம் அது.

இப்போது நீங்கள் கேட்காத, ஆனால் உங்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. நீங்கள் அரசாங்க ஊழியர். 1993ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் நடத்தை, ஒழுங்கு விதிகளில் ஐந்தாவது விதி வெளிவேலையைப் பற்றியது. இலாகாத் தலைவரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் சம்பளத்துக்கு வெளிவேலை பார்க்கக்கூடாது. அனுமதி கிடைத்தாலும் அலுவல் நேரத்தில் செய்யக்கூடாது, உங்கள் வேலைக்கு இடைஞ்சலாகவோ முரணாகவோ இருக்கக்கூடாது. அப்படிக் கிடைக்கும் ஊதியத்தில் எவ்வளவை நீங்கள் வைத்துக்கொள்ளலாம் என்பதைக்கூட இலாகாத் தலைவர் முடிவு செய்யலாம் என்று விதி சொல்கிறது. இந்தப் பகுதியில் எனக்குச் சந்தேகமே இல்லை, கறுப்பு மையில் எழுதியிருக்கிறது. நடைமுறையில் எவ்வளவு கறாராகப் பார்க்கிறார்கள் என்பது மேலதிகாரியைப் பொறுத்தது. நம்மவர்களில் எழுதுகிறவர்கள் பாதிப்பேர் ஆசிரியர்கள்தான், அவர்களில் பலர் இப்படி ஒரு கடிதம் கொடுத்ததே இல்லை. யாராவது ஒரு மொட்டைக் கடிதம் போடும்வரை ஒன்றும் ஆகாது, போட்ட பிறகு விளக்கம் எழுதியே மாளாது. ஆகவே வருட ஆரம்பத்திலேயே, சனி ஞாயிறுகளிலும் பள்ளி விடுமுறையிலும் இலக்கியப் பட்டறை நடத்த அனுமதி வேண்டி ஒரு கடிதம் கொடுத்து, பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சொந்தப் பள்ளியில் கட்டணப் பட்டறை வேண்டவே வேண்டாம். அனுமதி கிடைத்தாலும் பார்க்க நன்றாக இருக்காது.

சொந்தச் செலவில் போட்ட புத்தகம் கணக்கில் வருமா? மலேசியத் தமிழ்ச் சூழலில் அது ஒரு குறையே இல்லை. இங்கே வருகிற தமிழ் நூல்களில் கணிசமானவை எழுதியவர் கைக்காசில் அச்சானவைதான். யாரும் உங்களை அதற்காகக் கீழாகப் பார்க்க மாட்டார்கள். பார்ப்பது வேறு: புத்தகம் முறையாகப் பதிவாகியிருக்கிறதா என்று. நூலுக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் கொடுப்பது ஜாலான் துன் ரசாக்கிலுள்ள தேசிய நூலகம். 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி, அச்சு நூலாக இருந்தால் வெளியான ஒரு மாதத்துக்குள் ஐந்து பிரதிகளை அங்கே கொடுக்க வேண்டும். சொந்தப் பதிப்பென்றால் பதிப்பாளர் நீங்கள்தான், கடமையும் உங்களுடையதுதான். கொடுத்திருந்தால் உங்கள் நூல் தேசிய நூலகத்தின் பட்டியலில் இருக்கும். அரசு நூலகங்களோடு பேசும்போது அதைவிடச் சுலபமான அறிமுகம் இல்லை. கொடுக்கவில்லையென்றால் நாளைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். சொந்தப் பதிப்பு இடிக்கிற இடம் வெளிநாட்டு அமைப்புகளிலும் சில போட்டிகளிலும்தான். அங்கே பதிப்பகம் வெளியிட்ட நூல் அல்லது இதழ்களில் வந்த படைப்பு கேட்பார்கள். உங்கள் கதைகள் நாளிதழ் ஞாயிறு பதிப்புகளில் வந்திருந்தால் தேதியோடு அந்தத் தாள்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சங்க உறுப்பியம் சட்டப்படி எதற்கும் தேவையில்லை. எழுத்தாளர் சங்கத்தில் சேர்ந்தால் ஆள் அறிமுகம் கிடைக்கும், நிகழ்ச்சி நடப்பது காதில் விழும். அதற்காகச் சேரலாம். ஆனால் ஓர் இடத்தில் சங்கம் மறைமுகமாக வேண்டியிருக்கிறது. இந்தியச் சமூகத்துக்கு என்று வருகிற மானியங்களானாலும் சரி, கூட்டுறவுச் சங்கம், அறவாரியம் கொடுக்கும் நன்கொடையானாலும் சரி, தனி ஆள் கையில் கொடுப்பது அபூர்வம். 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ் பதிவான, கணக்கு ஒப்படைக்கிற அமைப்பு ஒன்றின் பெயரில்தான் காசோலை வரும். அதனால் உங்கள் வட்டாரத்தில் ஒழுங்காக ஆண்டுக்கூட்டம் நடத்துகிற ஒரு சின்ன வாசகர் வட்டமோ இளைஞர் மணிமன்றமோ இருந்தால் அதோடு சேர்ந்துகொள்ளுங்கள். பெரிய சங்கத்தில் ஓர் ஓரத்து நாற்காலியைவிட இது பயன்படும். விண்ணப்பத்தின் செலவுப் பட்டியலில் 'பயிற்றுநர் கட்டணம்' என்று தனி வரி போடச் சொல்லுங்கள். பல விண்ணப்பங்களை நான் புரட்டியிருக்கிறேன். பதாகைக்கு, பந்திக்கு, நினைவுச் சின்னத்துக்கு எல்லாம் வரி இருக்கும். நடத்துகிறவருக்கு மட்டும் இருக்காது.

நூலகங்களும் அரசு அலுவலகங்களும் கொடுப்பது மணிக்கணக்கில். அதற்குக் கருவூலச் சுற்றறிக்கை உண்டு, விகிதம் பெரும்பாலும் பதவித் தரத்தையோ அதற்கு ஈடான கல்வி, அனுபவத்தையோ வைத்து. இங்கே உங்கள் புத்தகத்தைவிடப் பட்டச் சான்றிதழ்தான் பேசும். எனக்கு இது உறுத்தலாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த அதிகாரியோடு சண்டை போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. விகிதம் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். பணம் வர மாதக்கணக்கில் ஆகும் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். இலக்கிய விழா வேறு சாதி. 2011இல் தொடங்கிய ஜார்ஜ் டவுன் இலக்கிய விழா மாதிரி இடங்களில் நிகழ்ச்சியை வடிவமைப்பவர்கள்தான் ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். 2018இல் லண்டன் புத்தகச் சந்தையில் பரிசு வாங்கிய விழா அது, ஆங்கிலத்தின் கை ஓங்கியது. மொழிபெயர்ப்பில் ஒரு கதையாவது இருந்தால்தான் அவர்கள் உங்களை வாசிக்கவே முடியும்.

அப்புறம் பொன்னாடை விவகாரம். அழைப்புக் கடிதத்தில் தேதி, நேரம், தான்ஸ்ரீ சோமா அரங்கம், சிறப்பு வருகையாளர் டத்தோ இன்னார் என்று எல்லாம் இருக்கும். உங்களுக்கு என்ன கொடுப்பார்கள் என்று மட்டும் இருக்காது. கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று நாமும் கேட்க மாட்டோம். நான் சொல்லிக்கொடுக்கிற வாக்கியம் சாதாரணமானது: "அழைப்புக்கு நன்றி ஐயா. கட்டணம், பயணச் செலவு விவரம் தெரிந்தால் தேதியை உறுதி செய்துவிடுகிறேன்." இதைக் கடிதம் வந்த அன்றே அனுப்ப வேண்டும், நிகழ்ச்சிக்கு முந்தின நாள் அல்ல. ஒரு தலைமையாசிரியர் என் தோழி ஒருவரிடம், "டீச்சர், பட்ஜெட் இல்லீங்க. ஆனா மதியச் சாப்பாடு, பரிசுக்கூடை எல்லாம் ஏற்பாடு பண்ணிடுறோம்" என்றார். தோழி அசரவில்லை. "கூடை வேண்டாங்க சார். அந்தக் காசுக்குப் பரிசளிப்பு விழாவுக்கு என் புத்தகத்தை வாங்கிக் கொடுத்திடுங்க" என்றார். அந்தப் பள்ளி வாங்கியது, அடுத்த வருடமும் வாங்கியது. இலவசமாகவும் போகலாம், நானும் போயிருக்கிறேன். தோட்டப்புறத்துச் சின்னப் பள்ளியில் மொத்தமே முப்பது பிள்ளைகள் என்றால் காசு கேட்க மனம் வராது. ஆனால் அது நாம் எடுத்த முடிவாக இருக்க வேண்டும். எவ்வளவு கேட்பது என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் ஒரு தொகையைச் சொல்ல விரும்பவில்லை. ஒன்றை மட்டும் கணக்கில் வையுங்கள்: இரண்டு மணி நேரப் பட்டறைக்குப் பின்னால் ஒரு நாள் தயாரிப்பும், பிள்ளைகளின் தாள்களைத் திருத்துகிற ஓர் இரவும் இருக்கின்றன. வாசிப்பு நிகழ்ச்சியில் அது இல்லை. இரண்டுக்கும் ஒரே கட்டணம் சொல்லாதீர்கள்.

சில்லறை விவரங்கள். விலைச்சிட்டை கேட்கிற இடங்களுக்காக நிறுவனப் பதிவகத்தில் தனிநபர் வியாபாரமாகப் பதிந்துகொள்ளலாம். அடையாள அட்டையில் உள்ள சொந்தப் பெயரில் என்றால் வருடத்துக்கு 30 ரிங்கிட், வேறு பெயர் வைத்தால் 60. ஆசிரியராக இருக்கிற உங்களுக்கு இதற்கும் அந்த அனுமதிக் கடிதம் வேண்டும். வருமான வரியில், இலக்கியப் படைப்புக்கு வரும் உரிமத்தொகையில் (ராயல்டி) வருடம் 20,000 ரிங்கிட் வரை விலக்கு உண்டு. பட்டறைக் கட்டணம் உரிமத்தொகை இல்லை, அதை வருமானத்தோடு சேர்த்துத்தான் காட்ட வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள், அதாவது நிரந்தரவாசிகள், இதைப் படித்தால்: தனியார் அமைப்புகளில் பெரும்பாலும் சிக்கல் இல்லை, அரசு மானியம் கலந்த நிகழ்ச்சியென்றால் குடியுரிமை நிபந்தனை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

கடைசியாகத் தமிழ்நாட்டுத் தோழி. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் முப்பது நாள் விசா இல்லாமல் வரலாம் என்பதால், டிக்கெட் போட்டு வந்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சுற்றிப் பார்ப்பதற்கும் சொந்தக்காரர்களைப் பார்ப்பதற்கும். பணம் வாங்கிக்கொண்டு பட்டறை நடத்துவது அதில் அடங்காது. அதற்கு உரிய பாஸை அழைக்கிற அமைப்பு குடிநுழைவு இலாகாவில் எடுக்க வேண்டும், தனி ஆளாக நீங்கள் எடுத்துக் கொடுக்க முடியாது. இன்னொன்று, வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே பேசுகிறவரை வருமான வரிச் சட்டம் பொதுமேடைக் கலைஞர் வகையில் சேர்த்திருக்கிறது, 'பேச்சாளர்', 'விரிவுரையாளர்' என்ற சொற்களே வரையறையில் இருக்கின்றன. கொடுக்கும் தொகையில் 15 விழுக்காட்டைப் பிடித்து வரி இலாகாவில் கட்டுவது பணம் கொடுப்பவரின் பொறுப்பு. உங்கள் தோழி நட்புக்காக வந்து, காசு வாங்காமல், உங்கள் வீட்டில் தங்கி, ஒரு சனிக்கிழமை வாசகர் வட்டத்தில் பேசிவிட்டுப் போனால் இத்தனை கெடுபிடி வருமா என்பது குடிநுழைவு அதிகாரி எப்படிப் பார்க்கிறார் என்பதைப் பொறுத்தது. அதனால் துண்டுப் பிரசுரத்தில் அவர் பெயரைப் போடுவதற்கு முன் அந்த இலாகாவில் எழுதிக் கேட்டுவிடுங்கள். இரண்டு மணி நேரப் பட்டறைக்கு இவ்வளவு அலைச்சல் தேவையா என்று தோன்றினால், அவர் மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ சூமில் ஒரு மணி நேரம் எடுக்கட்டும், மீதி ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு நீங்கள் இருங்கள். நேர வித்தியாசம் இரண்டரை மணி என்பதை மறந்து காலை எட்டரைக்குப் போட்டுவிடாதீர்கள், அவருக்கு அப்போது காலை ஆறு மணிதான்.